அவள் சுகமாக இருக்கிறாள் என்று நான் சொன்னேன்

என் மனைவிக்குச் சிங்களம் என்னைவிட நன்றாகத் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இனி நான் எழுதப்போவதெல்லாம் இது எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தும் நடந்தவை.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் கண்டியில் ஒரு துணிக்கடையில் சேலைப் பக்கம் நின்றவள். வெசாக் பண்டிகைக்கு விகாரைக்குப் போக வெள்ளைச் சேலை எடுக்க வரும் சிங்கள அம்மாமார் அவளைத் தேடித்தான் வருவார்கள். பேரம் பேசுவாள், கேலி பண்ணுவாள், மருமகளைக் குறை சொல்லும் மாமியாருக்கு ஆறுதல் சொல்லி இன்னொரு சேலையும் விற்றுவிடுவாள். எல்லாம் அவர்களுடைய மொழியில்.

என் சிங்களம் வேறு சாதி. நான் நீதிமன்றத்தில் உரைபெயர்ப்பாளனாக இருந்து ஓய்வுபெற்றவன். கண்டி மஹய்யாவையில் மாநகரசபைத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்து, சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் பரீட்சை எழுதித் தேறி, கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு நீதவானுக்குக் கீழே நின்றேன். என் சிங்களத்தை வைத்துக்கொண்டு மீன் வாங்க முடியாது. "மேற்கூறப்பட்ட மீனின் விலை யாது" என்கிற மாதிரித்தான் வாயில் வரும். மீன்காரன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்பான்.

அந்தத் தொழிலில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. ஒரு வார்த்தையைக் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். ஒருமுறை கோழி திருடிய வழக்கில் எதிரிக் கூண்டில் நின்ற ஒருவன் நீதவானைக் கையால் காட்டி, "இந்தாளு ஒரு மடையன்" என்று தமிழில் சொன்னான். சட்டத்தரணிகள் குனிந்துகொண்டார்கள். நான் நிமிர்ந்து நின்று சிங்களத்தில், "கனம் நீதவான் அவர்கள் ஒரு மடையர் என எதிரி கூறுகின்றார்" என்றேன். நீதவான் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மரியாதை அவர் தந்ததா, நீங்கள் சேர்த்ததா?" என்று கேட்டார். "நான் சேர்த்தது, கனம் ஐயா" என்றேன். உத்தியோக காலம் முழுவதும் நான் கூட்டிச் சொன்னது அந்த மரியாதை ஒன்றைத்தான்.

அப்படிப்பட்டவன் என் மனைவியின் வாயிலிருந்து வந்ததை மாற்றிச் சொன்னேன். ஒருமுறை அல்ல, கிளினிக்குக்குப் போன ஒவ்வொரு முறையும்.

அவளுக்கு முதல் வலிப்பு வந்தது சந்தையில், கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது. முழங்கால் வலியென்று கடையை விட்டு நின்று ஒரு வருடம் ஆகியிருந்தது. கையில் கத்தரிக்காயோடு அப்படியே சரிந்தாள். கண் மேலே போய், கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. சுற்றி நின்றவர்கள் "இரும்பு, இரும்பு" என்று கத்தினார்கள். யாரோ ஒருவர் தன் மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்து அவள் கைக்குள் திணித்தார். கொஞ்ச நேரத்தில் இழுப்பு நின்றது. அது தானாக நிற்கக்கூடியது என்று இப்போது தெரியும். அன்றைக்கு எல்லாரும் சாவியைத்தான் பாராட்டினார்கள்.

பிறகு சாவியைத் திரும்ப எடுக்கலாமா கூடாதா என்று வாக்குவாதம் எழுந்தது. எடுத்தால் திரும்பவும் இழுக்கும் என்று கிழங்கு விற்ற அம்மா தீர்ப்புச் சொன்னார். மேன்முறையீடு செய்ய யாருக்கும் துணிவில்லை. ஆகவே த்ரீவீல் ஆட்டோவில் நான், என் மேல் சாய்ந்தபடி மனைவி, அவள் கையில் சாவி, ஓரத்தில் தொற்றிக்கொண்டு சாவிக்குச் சொந்தக்காரர். ஆஸ்பத்திரியில் தாதி அவரைக் காட்டி, "இவர் நோயாளிக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். அவர் கூச்சத்தோடு, "சாவி" என்றார். எப்படியோ உள்ளே விட்டுவிட்டார்கள். என் மனைவி கண் விழித்து, உள்ளங்கையைப் பார்த்து, "இது யாருடையது?" என்று கேட்கும்வரை அந்த மனிதர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றார்.

அன்றைக்கு அவள் அரை மயக்கத்தில் இருந்தாள். டொக்டர் கேட்டதற்கெல்லாம் நான்தான் பதில் சொன்னேன். அது நியாயம். ஆனால் அடுத்த மாதம் கிளினிக்கில் அவள் தெளிவாக உட்கார்ந்திருந்தாள். டொக்டர் அவளைப் பார்த்துச் சிங்களத்தில், "எப்படி அம்மா?" என்று கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் அந்தக் கேள்வியைத் தமிழில் அவளிடம் கேட்டேன். பழக்கம், கேள்வி ஒன்று காதில் விழுந்தால் மறுபக்கம் திருப்பிக் கொடுக்காமல் என்னால் இருக்க முடியாது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். என்ன நினைத்தாளோ, தமிழிலேயே பதில் சொன்னாள். நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன். அதோடு அது வழக்கமாகிவிட்டது. தாழ்வாரத்தில் தாதியோடு சேலைக் கரையைப் பற்றிச் சிங்களத்தில் பேசிக்கொண்டு வருவாள். அறைக்குள் நுழைந்ததும் அதே தாதி, நான் மொழிபெயர்த்து முடியும்வரை கைகட்டிப் பொறுமையாக நிற்பார். யாருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை.

வீட்டில் நான் ஒரு சட்டக்கோவை இயற்றினேன். அவள் அடுப்பங்கரைக்குப் போகக் கூடாது, சமையல் என்னுடையது. (என் பருப்பைப் பற்றி இங்கே எழுதத் தேவையில்லை.) தனியாகப் படியிறங்கக் கூடாது. பஸ் ஏறக் கூடாது. விரதம் கூடாது. விழுந்தால் அடிபடக் கூடாதென்று மேசை, அலுமாரி, குளிர்சாதனப் பெட்டி எல்லாவற்றின் மூலைகளுக்கும் பழைய மெத்தையிலிருந்து வெட்டிய ஸ்பொஞ்சு வைத்துக் கயிற்றால் கட்டினேன். வீடு முழுவதும் லொறிக்காகக் காத்திருப்பது போல ஆகிவிட்டது. ஒருநாள் முன்பின் தெரியாத வீட்டுத் தரகர் ஒருவர் கேட்டைத் தட்டி, "ஐயா, எப்ப காலி பண்றீங்க? பார்ட்டி ஒண்ணு இருக்கு" என்றார். காலி பண்ணவில்லை என்றேன். அவர் அலுமாரியை எட்டிப் பார்த்துவிட்டு, "வெல பேசித்தான் முடிச்சிட்டீங்க போல" என்று கோபித்துக்கொண்டு போனார்.

குளியலறைக் கொண்டியைக் கழற்றினேன். கதவைச் சும்மா சாத்திவிட்டு அவள் பாடிக்கொண்டே குளிக்க வேண்டும். பாட்டு நின்றால் நான் உள்ளே ஓடுவேன். முதல் மாதங்களில் பாடினாள். முருகன் பாட்டு, பழைய சினிமாப் பாட்டு. சோப்புப் போடும்போது ஒரு அடி விட்டுப்போனால்கூட நான் கதவைத் தள்ளிக்கொண்டு நிற்பேன். "அய்யோ, போங்க அங்கிட்டு" என்று தண்ணீரை வீசுவாள். பிறகு பாட்டு குறைந்தது. பேசு என்றேன். பேச ஒன்றும் இல்லை என்றாள். எதையாவது சொல்லு என்றேன். பஸ் கொண்டக்டர் ஊர்ப்பெயர் கூவுகிற மாதிரி, "கட்டுகஸ்தோட்ட, மடவள, வத்தேகம" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதுவும் போய்க் கடைசியில், ஒவ்வொரு வாளித் தண்ணீருக்கும் ஒரு தடவை, "இருக்கேன்" என்று மட்டும் வந்தது. "இருக்கேன்... இருக்கேன்... இருக்கேன்." அவள் அதைச் சொன்ன குரல் இன்னும் எனக்குக் கேட்கிறது. அன்றைக்கு எனக்கு அது திருப்தியாக இருந்தது.

மருந்து வேலை செய்தது. வலிப்பு முற்றாக நின்றது. வீடு அமைதியானது. அவள் சண்டை போடவில்லை, எதையும் கேட்கவில்லை, என் பருப்பைக்கூடக் குறை சொல்லவில்லை. தலை வாருவதை விட்டாள். கடைத் தோழிகள் வந்தால் தூங்குவதுபோலப் படுத்துக்கொண்டாள். பகலிலும் சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பாள். சுகமாகிறவர்களுக்கு ஓய்வு தேவைதானே என்று நான் சத்தம் போடாமல் நடந்தேன்.

கிளினிக்கில் டொக்டர், தங்கமான மனிதர், ஆனால் வெளியே பெரிய வரிசை, வழக்கம்போலக் கேட்பார். சாப்பாடு எப்படி? அவள், "சோறு மண்ணு மாதிரி இருக்கு" என்பாள். நான் சிங்களத்தில், "மிதமாக உண்கின்றார்" என்பேன். மனசு எப்படி? அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வலிப்பு வந்தப்பயாவது அந்தக் கொஞ்ச நேரம் நான் இங்க இல்லாம இருந்தேன். இப்ப அதுவும் இல்ல" என்பாள். நான், "வலிப்பு இல்லாதபடியால் இப்போது வீட்டிலேயே நிம்மதியாக இருக்கின்றார்" என்பேன். ஒருமுறை நானாகவே, "தினமும் குளிக்கும்போது பாடுகிறார்" என்றும் சேர்த்தேன். டொக்டர் மகிழ்ந்துபோய், "பாடுறாங்களா? ரொம்ப நல்லது" என்று அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அவளும் அவருக்கு மரியாதையாகத் தலையசைத்தாள்.

வலிப்பு நின்று ஒரு வருடமானதற்குத் தெருக் கோயிலில் பூசை வைத்தேன். பொங்கலும் கடலையும் கொடுத்தோம். தெருவே வந்தது. எதிர்வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தபால்காரர், எதற்கும் மாலை போட்டுவிடும் ஆள். அவர் மாலையைக் கொண்டுவந்து என் கழுத்தில் போட்டார். "மாமா இல்லாட்டி மாமி இல்ல" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் மாலையோடு நின்று, மருந்தை நேரத்துக்குக் கொடுப்பதைப் பற்றி நாலு வார்த்தை பேசினேன். பேசினேன் என்பதை எழுதவே கூசுகிறது. என் மனைவி ஓரமாக ஒரு கதிரையில் இருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண், "மாமி, இப்ப சுகம்தானே?" என்று கேட்டாள். "அவருக்குச் சுகமாயிருச்சு" என்றாள் என் மனைவி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல பகிடி என்று நினைத்தேன்.

நான் ஏன் மாற்றிச் சொன்னேன்? வெட்கம் ஒரு காரணம். வலிப்பு என்றால் நோய். மனசு சரியில்லை என்றால் எங்கள் ஆட்கள் மத்தியில் அதற்கு வேறு பெயர், அந்தப் பெயர் குடும்பத்துக்கே ஒட்டும். பயம் இன்னொரு காரணம். ஏதாவது குறை சொன்னால் மருந்தை மாற்றுவார்கள், அவள் திரும்பவும் கீழே விழுவாள், அதை நான் பார்க்க வேண்டிவரும். எல்லாவற்றுக்கும் மேலாக, வலிப்பு நின்றது என் சாதனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதைக் கெடுக்கும் சாட்சியத்தை நான் பதிவுக்குப் போக விடவில்லை.

பிறகு அந்த டொக்டர் மாற்றலாகிப் போனார். புதியவர் ஒரு இளம் பெண். தலையில் முக்காடு, முகத்தில் முகக்கவசம், கண் மட்டும் தெரிந்தது. கதிரையில் உட்காரும்போதே நான் என் நீதிமன்றச் சிங்களத்தில் வணக்கம் சொல்லி, நோயாளிக்குச் சிங்களம் பரிச்சயமில்லை, நான் உதவுவேன் என்று அறிமுகம் செய்தேன். அவர் சிங்களத்திலேயே, அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"எப்படி இருக்குன்னு கேக்குறாங்க" என்று மனைவியிடம் சொன்னேன்.

"என்னத்தச் சொல்ல. கெணத்துக்குள்ள உக்காந்துக்கிட்டு மேல பாக்குற மாதிரி இருக்கு."

"பொதுவாக நலம். சிறிது களைப்பு" என்றேன் டொக்டரிடம்.

டொக்டரின் பேனை நின்றது. என்னைப் பார்த்தார். நான் கவனிக்கவில்லை. வலிப்பு வந்ததா என்று கேட்டார். இல்லை என்றாள் அவள். இல்லை என்றேன் நான். அந்த ஒன்றை மட்டும் ஒழுங்காக மொழிபெயர்த்தேன். தூக்கம் எப்படி என்று கேட்டார்.

"விடியக் கூடாதுன்னு நெனச்சுக்கிட்டுத்தான் தெனமும் படுக்குறேன்" என்றாள் என் மனைவி. அழாமல், சாமான் வாங்குகிற குரலில் சொன்னாள்.

"ஆழ்ந்த நித்திரை. விடிவதே தெரியாது" என்றேன்.

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். "அங்கிள், எனக்கு ஊரு அலவத்துகொட" என்றார், அந்த ஊர் முஸ்லிம்கள் பேசும் தமிழில். "அம்மா செல்லினது அதில்லயே."

தமிழ் பேசுகிற மூன்று பேர் ஒரு சின்ன அறைக்குள் உட்கார்ந்து, உரைபெயர்ப்பாளர் வைத்துச் சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம். எனக்குக் காது சுட்டது. குற்றத்தை அவர் மேலேயே போட்டேன். "அப்ப மேடம் ஏன் சிங்களத்துல கேட்டீங்க?"

"நீங்கதானே அங்கிள் வந்த ஒடனே சிங்களத்துல தொடங்கினீங்க. நானும் அப்பிடியே வந்திட்டேன்."

"நான் கருத்தைத்தான் சொன்னேன்."

"கருத்தும் அதில்ல."

இந்த நேரம் பார்த்து அந்தத் தாதி, உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, "டொக்டர், இந்த அம்மா நல்லா சிங்களம் பேசுவாங்களே" என்று சிங்களத்தில் சொன்னார். டொக்டர் என் மனைவியைப் பார்த்தார். என் மனைவி தன் காலைப் பார்த்தாள். நான் சுவரில் தொங்கிய மூளைப் படத்தைப் பார்த்தேன்.

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்க, அங்கிள்."

"எப்படி முடியும்? நான் இல்லாதப்போ திடீர்னு வலிப்பு வந்துட்டா?"

"வந்தா டொக்டர் யாருட்டயாச்சும் காட்டுவோம்" என்றார், சிரிக்காமல்.

வெளியே வாங்குப் பலகையில் ஒரு மடவளைக்காரர் இருந்தார். குடை, செருப்பு விற்கிற சின்னக் கடை வைத்திருப்பவர், தாயாரைக் கூட்டி வந்திருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒங்களயும் வெளிய போட்டாங்களா?"

நான் பலகையின் மறு நுனியில் உட்கார்ந்தேன்.

"என்னய போன மாசமே போட்டாங்க. உம்மாட கால் வலியச் செல்லப் போய் என்ட பிரஷரச் செல்லிட்டேன். மருந்து எனக்குத் தந்திட்டாங்க."

"அப்புறம்?"

"குடிச்சேன். எனக்கு இப்ப நல்லா ஈக்கி. உம்மாட கால்தான் அப்பிடியே."

கதவுக்குப் பின்னால் நெடுநேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு என் மனைவி அழுவது கேட்டது. அவள் தாய் செத்தபோதுகூட அப்படி அழுது நான் கேட்டதில்லை. எழுந்தேன். மடவளைக்காரர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "ஒக்காருங்க ஐயா. நீங்க போனா நிப்பாட்டிருவாங்க. அழட்டும்."

என்னை உள்ளே கூப்பிட்டபோது அவள் முகம் கழுவியிருந்தாள். டொக்டர் எனக்கும் சேர்த்து விளக்கினார். "வலிப்பு வார அதே மூளையிலதான் மனசும் ஈக்குது, அங்கிள். வலிப்புக்காரங்களுக்கு மனச்சோர்வு வாரது ரொம்பச் சாதாரணம். வருத்தம் வந்திட்டேன்டு கவலப்படுற கவல மட்டுமில்ல, அது தனி வருத்தம். சிலருக்கு அதுதான் முந்தி வரும், வலிப்பு பொறகு வரும். ஒண்டு மத்தத இழுக்கும்."

என் மனைவிக்கு அது முந்தியே வந்திருந்தது. கடையை விட்டு நின்ற சில மாதங்களிலேயே உள்ளே விளக்கு அணைந்த மாதிரி ஆகிவிட்டதாம். சந்தையில் விழுவதற்கு முன்பே. நான் அதே வீட்டில்தான் இருந்தேன்.

"பொறகு இந்த மருந்து. வலிப்ப நல்லா நிப்பாட்டும். சில பேருக்கு மனசையும் சேத்து அமுக்கிப்போடும். தெரிஞ்சிருந்தா முந்தியே மாத்தியிருக்கலாம்." என் மனைவியை ஒருதரம் பார்த்துவிட்டு, "சாகலாமான்டும் யோசிச்சிருக்காங்க. கேட்டேன், செல்லிட்டாங்க. அது நல்லது. இனி இதுக்கும் மருந்து ஈக்குது, பேசுறதுக்கும் ஆள் ஈக்குது. வலிப்பு மருந்த ஒரேயடியா நிப்பாட்டக் கூடாது. மெல்ல மெல்ல மாத்துவோம். அங்கிள், ஒங்களுக்கு வெளங்குதா?"

விளங்குகிறது என்றேன். எந்த மொழியில் சொன்னேன் என்று நினைவில்லை.

திரும்பி வரும்போது த்ரீவீலில் கேட்டேன். "நான் சொன்னதெல்லாம் உனக்கு வெளங்கிச்சுதானே. ஏன் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லல?"

அவள் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். "மொதல்ல கோவம் வந்திச்சு. அப்புறம் கோவப்படவும் தெம்பு இல்ல. கடைசியில நீங்க சொல்றதக் கேக்க ஒரு மாதிரி நல்லாத்தான் இருந்திச்சுங்க. அந்தப் பொம்பள நல்லாத் தூங்குறா, சாப்புடுறா, பாடுறா. எங்கயோ ஒருத்தியாவது நல்லா இருக்காளேன்னு விட்டுட்டேன்."

த்ரீவீல்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மருந்து மெல்ல மாறியது. மனநல டொக்டரிடமும் போனாள். முதல் வாரங்களில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவள் தட்டைத் தள்ளி வைத்து, "இது பருப்பா, சுவத்துக்குப் பூசுற சாந்தா?" என்றாள். நான் அடுப்பங்கரைக்குள் போய் நின்றுகொண்டேன். கண் கலங்கியதை அவள் பார்க்கக் கூடாதென்று.

குளியலறையைப் பற்றி அவள் டொக்டரிடமே முறையிட்டிருக்கிறாள். கொண்டி வேண்டாம், ஆனால் காவலும் வேண்டாம் என்று தீர்வானது. அவள் தன் பழைய கடைக்குப் போய், "கடை மூடப்பட்டுள்ளது" என்று மூன்று மொழியில் எழுதிய அட்டை ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து கதவில் மாட்டினாள். அது தொங்கும்போது நான் அந்தப் பக்கம் போவதற்கில்லை. ஒருநாள் கழற்ற மறந்துவிட்டாள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டுத் தபால்காரர் வீட்டுக்கு ஓடவேண்டியதாயிற்று.

பிறகு, கட்டுகஸ்தோட்டையில் இருக்கும் தன் தங்கையைப் பார்க்கத் தனியாகப் போகிறேன் என்றாள். கூடாது என்றேன். போனாள். கொஞ்ச நேரத்தில் ஒரு கொண்டக்டர் தொலைபேசியில் அழைத்தார். பஸ்ஸிலே வலிப்பு.

நான் போய்ச் சேர்ந்தபோது பஸ் வீதியோரத்தில் நின்றது. பயணிகள் பாதிப்பேர் இறங்கி நின்று, அடுத்து என்ன செய்வது என்று வாக்கெடுப்பு நடத்திக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸோடு அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போவது என்று ஒரு கட்சி. வேலைக்குப் போகிறவர்கள் எதிர்க்கட்சி. என் மனைவி பஸ் படியில் உட்கார்ந்து, ஆளாளுக்கு நீட்டிய சோடாவை ஒரு கையால் மறுத்துக்கொண்டு, இன்னும் குழறும் நாக்கால் சிங்களத்தில் எல்லாரையும் ஏசிக்கொண்டிருந்தாள். தன்னைச் சாக்குச் சொல்லி யாரும் வேலைக்குப் பிந்தக் கூடாது, பஸ்ஸை எடுங்கள் என்பது அதன் சாரம். என்னைக் கண்டதும் சனம் வழி விட்டது. என்னை நீதிமன்றத்தில் கண்டிருந்த யாரோ ஒருவர், "மொழி தெரிஞ்ச மாத்தயா வந்திட்டார்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து படுக்க வைத்த பிறகு சொன்னேன். "போதும். பழைய மருந்தையே கேட்போம். அதுல ஒருதரம்கூட நீ விழல."

"விழலதான்."

"பின்ன என்ன?"

"விழுந்தா எழும்பலாம்ங்க. அந்த மருந்துல நான் விழவுமில்ல, எழும்பவுமில்ல." கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். "மருந்து குடிக்கிறது நான். எந்த மருந்துன்னு நான்தான் டொக்டர்ட்ட பேசுவேன். நீங்க அங்க வந்து ஒண்ணும் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

நீதிமன்றத்தில் எத்தனையோ பேருக்குச் சத்தியப் பிரமாணம் சொல்லிக் கொடுத்தவன் நான். என் முறை வந்தபோது வாசகம் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

அடுத்த கிளினிக்கில் வெளியே இருந்தேன். அவள் உள்ளே நெடுநேரம் இருந்தாள். மருந்தின் அளவை டொக்டர் கொஞ்சம் கூட்டியிருக்கிறார் என்பது மருந்துக் கவுண்டரில் தெரிந்தது. பழைய மருந்துக்குப் போகவில்லை. இடையில் கதவுக்குப் பின்னால் இரண்டு பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. ஒன்று அவளுடையது. வெளியே வந்தும் சிரிப்பு அடங்கவில்லை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"என்ன?" என்றேன்.

"ஒங்களப் பத்தித்தான்."

"என்ன சொன்ன?"

"அதெல்லாம் எனக்கும் அந்தப் புள்ளைக்கும் உள்ள பேச்சு. நடங்க."

நடந்தேன். அன்று முழுவதும் நல்லவிதமாக இருந்தாள். தங்கைக்குத் தொலைபேசி எடுத்து, பஸ் கதையைப் பெருப்பித்துச் சொன்னாள்.

மறுநாள் காலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். தேநீரைப் பக்கத்தில் வைத்து, எப்படி இருக்கு என்று கேட்டேன்.

"இன்னைக்கு நல்லா இல்லங்க."

"சரி" என்றேன். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.